முதல் ஊசிக்கு முந்தைய 24 நாள்கள்

என் மேசையின் கீழறையில் ஒரு நாவலின் மெய்ப்புத் தாள்கள் இருக்கின்றன. ஒரே ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கங்கள். 97 முதல் 112 வரை. ஓரங்களில் சிவப்பு மையில் என் திருத்தக் குறிகள் உள்ளன. கடைசிப் பக்கத்தின் அடியில் வழக்கப்படி தேதியிட்டிருக்கிறேன்: 2022 ஜூலை 4. என் இடது மார்பில் கட்டி இருப்பதை நான் முதன்முதலாக உணர்ந்தது அந்த மாதம் 17ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பயாப்ஸி முடிவு வந்தது 27ஆம் தேதி. கீமோதெரபியின் முதல் ஊசி ஆகஸ்ட் 20 அன்று போடப்பட்டது.

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். திருச்சியில் 19 ஆண்டுகளாக, பதிப்பகங்களுக்கும் பாடநூல் தயாரிப்பவர்களுக்கும் வீட்டிலிருந்தே பார்த்துக் கொடுக்கிறேன். ஒரு ஃபாரத்தில் ஒன்றிரண்டு பிழைகள் என் கண்ணுக்குத் தப்புவது உண்டு. தப்பாது என்று யாராவது சொன்னால் அவர் இந்தத் தொழிலில் இல்லை என்று பொருள். ஆனால் அந்த 16 பக்கங்களில் 11 பிழைகளை விட்டிருந்தேன். 'வாழை இலை' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வாளை இலை' என்று இருந்தது. ஒரு வரி இரண்டு முறை அச்சாகியிருந்தது, அதன்மேல் என் பேனா கடந்து போயிருக்கிறது. பதிப்பகத்துத் தம்பி தயங்கித் தயங்கித்தான் தொலைபேசியில் கேட்டார்: "அக்கா, இந்த ஃபாரம் நீங்க பார்த்ததுதானா?"

"மனசுல எதையோ வெச்சுக்கிட்டுப் பார்த்திருப்ப" என்றார் என் கணவர். பிறகு நோய் உறுதியானபோது எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆனால் ஜூலை 4 அன்று என் மனத்தில் எதுவும் இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டியாகிவிட்டது. வீட்டில் சண்டை இல்லை. எனக்குப் புற்றுநோய் என்று எனக்கே தெரியாது. ஒரு மனுஷியின் ஒரு ஃபாரம் எதையும் நிரூபித்துவிடாது என்பதை நான் அறிவேன். பின்னர் எடுத்த சோதனையில் என் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. அந்தச் சோர்வே போதும், கண் வழுக்க. ஆயினும் அந்தத் தாள்கள்தாம், சிகிச்சை தொடங்கும் முன்பே புற்றுநோயாளிகளுக்கு நினைவும் கவனமும் தடுமாறுவதைப் பற்றித் தேடிப் படிக்க என்னைத் தூண்டின.

கீமோவுக்குப் பின் வரும் மறதியைப் பற்றி நம்மூரிலும் இப்போது பேசுகிறார்கள். 'கீமோ பிரெய்ன்' என்ற பெயரே இருக்கிறது. 'கீமோ போட்டதிலிருந்து எதுவும் ஞாபகம் நிற்பதில்லை' என்பதை மருத்துவமனை வராந்தாவில் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையான தொல்லை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கும் அது வந்தது. ஆனால் அந்த வாக்கியத்திலுள்ள 'போட்டதிலிருந்து' என்ற சொல் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. சிலருக்கு அது அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முன்பு எப்படி இருந்தோம் என்பதை யாரும் அளந்து வைக்காததால், தொடக்கம் எது என்று பிறகு சொல்ல முடியாமல் போகிறது.

அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் கிறிஸ்டினா மேயர்ஸ் என்ற நரம்பு உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1995இலேயே, சிறுசெல் நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களைக் கீமோவுக்கு முன் சோதித்தபோது, அவர்களில் 70 முதல் 80 சதவீதம் பேருக்கு நினைவாற்றலில் குறை இருந்ததைக் கண்டார்கள். அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் நெடுங்காலம் புகைபிடித்தவர்கள். மேலும் அவ்வகைப் புற்றுநோய், கட்டி மூளைக்குப் பரவாமலேயே, உடலின் எதிர்ப்பாற்றலைத் திசைதிருப்பி நரம்பு மண்டலத்தைத் தாக்கச் செய்யக்கூடியது. ஆகவே அந்த எண்ணை எல்லாப் புற்றுநோய்களுக்கும் நீட்டக் கூடாது. ஆனால் 2004இல் அதே மையத்தில் ஜெஃப்ரி வெஃபெல் தலைமையில் மார்பகப் புற்றுநோய் கொண்ட 84 பெண்களைக் கீமோ போன்ற உடல் முழுதும் பரவும் மருந்துகள் எதுவும் தொடங்கும் முன் சோதித்தார்கள். 35 சதவீதம் பேருக்கு அறிதிறனில், அதாவது நினைவு, கவனம் போன்ற மூளைத் திறன்களில், குறை தெரிந்தது. மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல். அந்த எண்ணைப் படித்த இரவு நான் நாற்காலியிலிருந்து எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

அந்த ஆய்வில் நோயில்லாத பெண்களின் ஒப்பீட்டுக் குழு இல்லை. பொது மக்களுக்கென முன்பே வகுத்திருந்த அளவுகோல்களை வைத்து முடிவு செய்தார்கள். ஒப்பீட்டோடு வந்தது 2008இல் வெளியான டிம் ஆல்ஸ் குழுவின் ஆய்வு. முதல் நிலை முதல் மூன்றாம் நிலை வரையிலான மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களில் 22 சதவீதம் பேர், அவர்களிடம் எதிர்பார்க்கக்கூடிய அளவுக்குக் கீழே இருந்தார்கள். நோயற்ற பெண்களில் 4 சதவீதம் பேர் மட்டுமே அப்படி இருந்தார்கள். பால்குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும், இன்னும் ஊடுருவத் தொடங்காத 'பூஜ்ய நிலை' நோய் கொண்டவர்களில் ஒருவர்கூட இல்லை. எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இந்தக் கடைசிச் செய்திதான். பூஜ்ய நிலையில் இருப்பவரும் 'புற்றுநோய்' என்ற சொல்லைக் காதால் கேட்டவர்தாம். அவரும் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டார். பயம் ஒன்று மட்டுமே காரணமாக இருந்தால் அவர்களிலும் சிலருக்குத் தடுமாற்றம் தெரிந்திருக்க வேண்டும். மனச்சோர்வு, களைப்பு, அறுவை சிகிச்சை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் அந்த வேறுபாடு மறையவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். பூஜ்ய நிலைக் குழு சிறியது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

நோய் எப்படி மூளைக்கு எட்டுகிறது? கட்டி மூளையிலேயே இருந்தால் விளக்கம் தேவையில்லை; ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நெற்றி மடலிலோ பொட்டு மடலிலோ கட்டி இருந்த 139 பேரில் 126 பேருக்குச் சிகிச்சைக்கு முன்பே ஏதேனும் ஒரு திறனில் குறை இருந்தது. மார்பிலோ குடலிலோ இருக்கும் கட்டி எப்படி எட்டுகிறது என்பதே கேள்வி. காய்ச்சல் கண்ட நாளை நினைத்துப் பார்த்தால் ஓரளவு புரியும். காய்ச்சலில் படுத்திருப்பவரிடம் வீட்டுக் கணக்கை யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லவும் வராது. கிருமியை எதிர்க்க உடல் சுரக்கும் சைட்டோகைன் என்ற புரதச் செய்திகள்தாம் அந்த மந்தத்தைக் கொண்டுவருகின்றன. கட்டியும், அதை எதிர்க்கும் நோயெதிர்ப்பு அணுக்களும் அதே வகைச் செய்திகளை வெளியிடுகின்றன. 2005இல் மேயர்ஸ் குழு தீவிர வகை இரத்தப் புற்றுநோயும் அதை ஒட்டிய மஜ்ஜைக் கோளாறும் கொண்ட 54 பேரைச் சிகிச்சைக்கு முன் சோதித்தது. இரத்தத்தில் இன்டர்லூகின்-6 என்ற சைட்டோகைன் கூடியவர்களுக்குத் திட்டமிட்டுச் செயலாற்றும் திறன் குறைந்திருந்தது. ஆனால் இன்டர்லூகின்-8 கூடியவர்களின் நினைவாற்றலோ மேம்பட்டிருந்தது. ஆக இதை ஒற்றைக் கோட்டில் 'அழற்சி கூடினால் மறதி கூடும்' என்று சொல்லிவிட முடியாது. எலிகளின் மூளைக்கு வெளியே கட்டி வளரச் செய்து பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், எந்த மருந்தும் கொடுக்காமலேயே அவற்றின் மூளையில் சைட்டோகைன்கள் கூடின, நடத்தையும் சோர்வுற்றது. எலிக்கு நோயின் பெயர் தெரியாது. அதற்கு யாரும் பயாப்ஸி முடிவைப் படித்துக் காட்டவில்லை.

அதற்காகப் பயத்தை நான் ஒதுக்கவில்லை. முனிக் நகரில் கெர்ஸ்டின் ஹெர்மெலிங்க் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு வேறு பக்கம் கைகாட்டுகிறது. சிகிச்சைக்கு முன் நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே அவர்கள் கண்ட வேறுபாடு சிறியது. அதுவும், நோய் தெரிந்ததால் ஏற்பட்ட மனவதிர்ச்சியின் அறிகுறிகளோடு தொடர்புடையதாக இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செவிலியர் துறைப் பேராசிரியராக இருந்த பெர்னடின் சிம்ப்ரிச் இதை இன்னும் எளிமையாகச் சொல்கிறார்: ஒரே சமயத்தில் இத்தனை பளுவைச் சுமக்கும்போது கவனம் என்ற ஆற்றலே களைத்துப்போகிறது. அவருடைய குழு 2010இல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, நினைவுச் சோதனை கடினமாக ஆக, கீமோ தொடங்காத நோயாளிகளின் மூளை அதே வேலைக்குக் கூடுதல் பகுதிகளைத் துணைக்கு அழைத்ததைக் கண்டது. ஒரு குடத்தை இடுப்பில் வைத்து எளிதாக நடந்தவள் இன்று அதை இரண்டு கையாலும் பிடிக்கிறாள் என்பது போல. தண்ணீர் வீடு வந்து சேர்கிறது, ஆனால் வேறு எதற்கும் கை இல்லை.

அந்த 24 நாள்களும் எனக்கு அப்படித்தான் இருந்தன. பால் காய்ச்ச அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுப் பாத்திரம் வைக்காமல் நின்றேன். பத்தாண்டுகளாக மாறாத ஏடிஎம் எண் விரலுக்கு வரவில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்காக ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று என்று கேட்டார்கள்; ஒவ்வொரு முறையும் ஒன்றை விட்டுவிட்டுப் போய், ஒரே கவுண்டருக்கு நான்கு முறை நடந்தேன். இவையெல்லாம் சிறியவை. பெரியது, மருத்துவர் எதிரே உட்கார்ந்திருந்த அந்த 20 நிமிடங்கள். 21 நாளுக்கு ஒரு முறை நான்கு ஊசி, பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு, அதன் பிறகு அறுவை சிகிச்சை, அதன் பிறகு கதிர்வீச்சு என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னாராம். 'சொன்னாராம்' என்று எழுதுகிறேன், ஏனென்றால் இவை அனைத்தும் என் மகள் ஸ்கேன் ரசீதின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டதால் எனக்குத் தெரிந்தவை. என் நினைவில் நின்றது ஒன்றே: 'முடி கொட்டும், திரும்ப வந்துடும்மா.' பிறகு ஆறு பக்க ஒப்புதல் படிவம் ஒன்றை நீட்டினார்கள். வாசிப்பதையே பிழைப்பாகக் கொண்ட நான் அதன் இரண்டாம் பத்தியை மூன்று முறை படித்தேன். பொருள் ஏறவில்லை. கையெழுத்திட்டேன்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது, அந்த மருத்துவர்மீது அல்ல, நடைமுறையின்மீது. ஒரு நோயாளி தன் வாழ்நாளிலேயே மிக அதிகமான புதிய செய்திகளைப் புரிந்துகொண்டு, மார்பை முழுதும் எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா என்பது போன்ற மிகப் பெரிய முடிவுகளை எடுக்க வேண்டிய காலம் இந்தச் சில வாரங்கள்தாம். மூளை இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் காலமும் இதுவே. இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியும். அந்த அறிவு, ஒப்புதல் படிவத்தை நீட்டும் மேசை வரைக்கும் வந்து சேரவில்லை.

எனக்கு ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்தது. அந்த மருத்துவமனையில் ஓர் உளவியலாளர் இருந்தார், என் மகளைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். ஆறுதல் சொல்வதற்காக அனுப்பப்பட்டவர், நான் மெய்ப்புத் தாள்களின் கதையைச் சொன்னதும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டு, "சோதிச்சுப் பார்த்துடலாமா அம்மா?" என்றார். ஊசிக்கு ஆறு நாள் முன்பு சோதித்தார். பதினைந்து சொற்களை வாசித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஐந்து முறை வாசித்த பின் ஒன்பது வந்தது, அரைமணி நேரம் கழித்துக் கேட்டபோது ஐந்து. பிறகு, 'ப' வரிசையில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடம் சொல்லச் சொன்னார். ஆள்பெயர், ஊர்ப்பெயர் கூடாது. 'பாடு' சொன்னால் 'பாடினாள்' தனிச் சொல்லாகாது. பழம், பானை, பூ, பல், படி, புத்தகம், பாடம் என்று ஏழு சொன்னேன். அதன் பிறகு வெறும் வெளிச்சம். மொழியையே உண்டு உறங்கி வாழ்கிறவளுக்குப் பந்தலும் பனையும் பொழுதும் அந்த ஒரு நிமிடத்தில் இல்லாமல் போயின.

அந்தச் சோதனைகளைப் பற்றிப் பின்னர் விசாரித்து அறிந்ததில் எனக்குப் பெரிய நிறைவு. இத்துறை ஆய்வாளர்களின் பன்னாட்டுக் குழு ஒன்று 2011இல், எல்லோரும் பயன்படுத்த வேண்டிய அடிப்படைச் சோதனைகள் மூன்றைப் பரிந்துரைத்தது: சொற்பட்டியலை நினைவில் வைத்தல், எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைத்தல், ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லுதல். ஆங்கில அகரவரிசையை நம்பியிருக்கும் சோதனையை, பள்ளிக்கே போகாத ஒரு விவசாயக் கூலிப் பெண்ணிடம் எப்படி நடத்துவது? பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2004இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் சொற்கள் க, ப, ம வரிசைகளில் கேட்கப்படுகின்றன; எண்-எழுத்து இணைப்புக்குப் பதிலாக, வண்ண வட்டங்களுக்குள் இருக்கும் எண்களை நிறம் மாற்றி மாற்றி இணைக்கும் சோதனை இருக்கிறது. கல்விக்கும் வயதுக்கும் ஏற்ற இந்திய அளவுகோல்களும் அதில் உண்டு. கருவி நம்மிடம் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்கி அதைச் செய்யும் ஆள்தான் பெரும்பாலான மருத்துவமனைகளில் இல்லை.

சிகிச்சைக்கு முன்பே ஒரு முறை சோதித்து வைப்பதன் பயன் எண்ணோடு முடிவதில்லை. எப்போதும் கூர்மையாக இருந்த ஒருவர் பாதி இறங்கினாலும் பொது அளவுகோலில் 'சராசரி' என்றே தெரிவார். அவருடைய குறை யார் கண்ணுக்கும் படாது. இன்னொரு பக்கம், முன்பே இருந்த தடுமாற்றம் முழுவதும் மருந்தின் தலையில் விழும். 'கீமோ போட்டால் புத்தி மழுங்கிவிடும்' என்று கேள்விப்பட்டுச் சிகிச்சையையே தள்ளிப்போட்ட ஒரு பெண்ணை நான் அறிவேன். அவரிடம் 'உங்களுக்கு இப்போதே கொஞ்சம் மறதி இருக்கிறது, நோயே அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்' என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அவர் பயந்திருக்க வேண்டிய பொருள் எது என்பதாவது தெளிவாகியிருக்கும்.

தடுமாற்றத்தைச் சொல்ல நேர்ந்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. எனக்கு இருந்தது போல் இரத்தசோகை இருக்கலாம். சோடியம் குறைந்திருக்கலாம்; கால்சியம் கூடியிருக்கலாம்; சில புற்றுநோய்களில் இரண்டுமே நேரும், இரண்டும் மூளையைக் குழப்பும். தைராய்டு, பி12 குறைவு, வலி மாத்திரை, தூக்க மாத்திரை, பல நாள் தூக்கமின்மை எல்லாமே மறதி தரும், பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை. திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் போவது, தீராத தலைவலியும் வாந்தியும், கைகால் ஒரு பக்கம் தளர்வது, வலிப்பு ஆகியவை நான் இங்கே பேசும் மெல்லிய தடுமாற்றத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றுக்கு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிம்ப்ரிச் 2003இல் ஒரு சிறிய வைத்தியத்தையும் சோதித்திருக்கிறார். புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களில் ஒரு பகுதியினர், சிகிச்சைக்கு முன்பிருந்தே வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடம் மரம் செடி கொடிகளுக்கு நடுவே கழித்தார்கள். அவர்களுடைய கவனம் மற்றவர்களைவிட நன்றாக மீண்டது. படித்தபோது இது நம்ப முடியாத அளவு எளிமையாக இருந்தது. நான் தினமும் காலையில் காவிரிப் படித்துறை வரை நடந்துபோய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அதனால்தான் தேறினேன் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அந்த அரைமணி நேரத்தில் யாரும் என்னிடம் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

கீமோ நடந்த மாதங்களில் நான் மெய்ப்பு எதையும் எடுக்கவில்லை. எல்லாச் சிகிச்சையும் முடிந்து ஐந்து மாதம் கழித்து, அதே உளவியலாளர் மறுபடி சோதித்தார். சொற்பட்டியலில் பன்னிரண்டு, அரைமணிக்குப் பின் ஒன்பது. 'ப' வரிசையில் பதின்மூன்று. வேகம் மட்டும் முன்பு இருந்ததைவிடக் குறைந்திருந்தது, அதை மருந்தின் கணக்கில் எழுதலாம் என்றார். எதை எதன் கணக்கில் எழுதுவது என்று பிரித்துச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், ஊசிக்கு ஆறு நாள் முன்பு அவர் செலவிட்ட அந்த ஒரு மணி நேரம்.

இப்போது தெரிந்தவர்கள் யாராவது முதன்முறை புற்றுநோய் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அழைத்தால், நான் கூடப் போகிறேன். பேசுவதில்லை, கோடு போட்ட நோட்டில் மருத்துவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன், மருந்தின் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிக் கேட்கிறேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு முறை, இரண்டு நாள் கழித்து ஒரு முறை, அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு மறுநாள் கொடுக்கலாமா என்றும் கேட்கச் சொல்கிறேன். அவசரம் இல்லாதபோது பெரும்பாலும் சரி என்கிறார்கள்.

அந்த நாவல் வெளிவந்துவிட்டது. பதிப்பகத்துத் தம்பி கண்ட பதினோரு பிழைகளும் அச்சுக்கு முன் திருத்தப்பட்டுவிட்டன. சென்ற மாதம் புத்தகத்தைப் புரட்டியபோது 103ஆம் பக்கத்தில், கீழிருந்து நான்காவது வரியில், எங்கள் இருவர் கண்ணுக்கும் தப்பிய பன்னிரண்டாவது பிழை ஒன்றைக் கண்டேன். 'மறந்து' என்பது 'மருந்து' என்று இருக்கிறது. அடுத்த பதிப்பில் திருத்தச் சொல்லி எழுதியிருக்கிறேன்.